பெட்டிக்குள்ள வச்ச பொட்டு

நான் செஞ்சது தப்புதான். அதை மொதல்லயே சொல்லிப்புடுதேன், பொறவு யாரும் குறுக்க மறிச்சுக் கேக்க வேண்டாம். ஆனா அந்தத் தப்பை எவ்வளவு சுத்தமாச் செஞ்சேன்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

என் பேரு சொர்ணத்தாய். கோவில்பட்டியிலருந்து கயத்தாறு போற ரோட்டுல உள்ள ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருசமா சோலி பாக்குதேன். மொதல் பத்து வருசம் பள்ளம் பள்ளமா இருக்க மரச் சட்டத்துல குச்சி அடுக்குனேன். ஒரு குச்சி கோணலா நிக்கப்படாது, ஒரு பள்ளம் காலியாக் கெடக்கப்படாது. அப்படி இருந்தா சட்டத்தைத் திருப்பி மூஞ்சியில வீசிருவாங்க. பொறவு குச்சி அடுக்க மிஷின் வந்துட்டு, என்னைய லேபிள் ஒட்டுத மிஷினுக்கு மாத்துனாவ.

அந்த மிஷினை ஓட்டுதது ஒரு பழைய கம்ப்யூட்டர். எங்கயோ மூடிப் போன கம்பெனியிலருந்து மொதலாளி குருசாமி அண்ணாச்சி மிஷினையும் அதையும் சேத்து வாங்கிட்டு வந்தாவ. புதுசு வாங்கலாம்லான்னு ஒருநா கேட்டேன். இந்த மிஷினை ஓட்டுத சர்க்யூட் அட்டை புதுக் கம்ப்யூட்டர்ல பொருந்தாதாம். அதனால வயசான மனுசனைப் பாத்துக்கிடுத மாதிரி அதைப் பாத்துக்கிடுதோம். வெயில் காலத்துல அதுக்குத் தனியா ஒரு ஃபேன் உண்டு. எனக்குக் கெடையாது.

என்கூட மிஷின்ல நிக்கிறவ ஆனந்தி. குளத்தூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்ன உப்பளத்துக்குப் போனவ, இங்கன வந்து எட்டு மாசம்தான் ஆகுது. நெழல்ல நின்னு பாக்குத மொத சோலி இதுதான்னு வந்த அன்னைக்கே சொன்னா. மதியத்துல ரெண்டு தடவை வெளிய போய் வெயிலைப் பாத்துட்டு உள்ள வந்து சிரிப்பா. "வெயிலு இன்னும் அங்கனதான் இருக்காட்டி?"ன்னு நான் கேப்பேன். "உங்களைத்தான் தேடுது யக்கா"ம்பா. வாயி கொஞ்சம் சாஸ்திதான், ஆனா கையி சுத்தம்.

ஆயுத பூசை அன்னைக்கு மதியம் அவவ மிஷினை அவவ தொடைச்சுக்கிட்டிருந்தா. வருசா வருசம் இந்தக் கம்ப்யூட்டருக்கு மேல்பெட்டியைத் தொடைச்சு ஒரு பொட்டு வச்சிருவோம். அன்னைக்கு எனக்கு ஒரு யோசனை. சோலி பாக்குதது உள்ள இருக்கது, நாம வெளித் தகரத்துக்குப் பொட்டு வச்சு என்ன புண்ணியம்? ரிப்பேர்காரப் பையன் தெறக்குததைப் பாத்திருக்கேன், நாலு திருகாணி, அவ்வளவுதான்.

தெறந்தா, கரிசக்காட்டுத் தூசி பூராவும் அங்கனதான் குடியிருக்கு. புது பல் பிரஷ்ஷை வச்சுப் பையத் தட்டி எடுத்தேன். அடியில ஒரு பச்சைப் பலகை. அதுல அங்கங்க ஊசி ஊசியாக் கம்பி நட்டிருக்கு, சில கம்பி தலையில ரெண்டுக்கு ஒண்ணாக் கறுப்புத் தொப்பி மாட்டியிருக்கு. அடுக்கிருக்க லெச்சணத்தைப் பாக்கணுமே. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, நடுவுல காலி. ரெண்டு தொப்பி ஒத்தைக் கம்பியில தொங்குது, எப்ப வேணும்னாலும் கீழ விழுந்துரும். இதைச் செஞ்சவன் எங்க சூப்பர்வைசர்கிட்ட மாட்டியிருந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பான்.

பதினோரு தொப்பி. ஒண்ணொண்ணாப் பிடுங்கி, சேலை முந்தியில தொடைச்சு, மூலையிலருந்து ஆரம்பிச்சு வரிசையா இடைவெளி இல்லாம மாட்டுனேன். பக்கத்துல அரிசி சைசுல எட்டு வெள்ளைச் சுவிட்சு. மூணு மேல பாக்குது, அஞ்சு கீழ பாக்குது. எல்லாத்தையும் மேல பாக்க வச்சேன். பலகையில பொடி எழுத்தா ஏதோ அச்சடிச்ச எடம் ஒண்ணு சும்மாக் கெடந்துச்சு. அதுல சந்தனத்தைக் கெட்டியா அப்பி குங்குமம் வச்சேன். அந்த வருசத்துலயே எனக்குத் திருப்தியா அமைஞ்ச வேலை அதுதான், சத்தியமா.

மறுநா விஜயதசமி. நல்ல நேரம் பாத்து மிஷினைப் போடணும். மொதலாளி வந்தாவ. "புதுப் புள்ள போடட்டும், கைராசி பாப்போம்"னாவ. ஆனந்தி சாமி கும்புட்டுட்டு சுவிட்சை அமுக்குனா. உள்ள ஃபேன் சுத்துது. திரையில ஒண்ணுமே வரலை. அணைச்சுப் போட்டா, மறுபடியும் அணைச்சுப் போட்டா. கறுப்புதான்.

மொதலாளி சூடத்தட்டைக் கீழ வச்சாவ. "நேத்து வரைக்கும் ஓடுச்சு. இந்தப் புள்ள கை வச்சதும் நின்னுட்டு. நல்ல நாளும் அதுவுமா இப்படியா?"

ஆனந்தி மொகம் சுண்டிப் போச்சு. நான்தான் நேத்து அதைத் தெறந்தேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆனா அந்த மிஷினை விட்டு எறக்கிட்டா எனக்கு வேற என்ன தெரியும்? பண்டல் தூக்குறதுக்கு முட்டி ஒத்துக்கிடாது. வீட்டுல என் ஒருத்தி சம்பளம்தான். அதுவும் போக, தொடைச்சுப் பொட்டு வச்சதுக்கா ஒரு கம்ப்யூட்டர் நிக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வாயை மூடிட்டேன்.

பதினோரு மணிக்கு ரிப்பேர்காரன் சுடலைக்குமார் வந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வச்சிருக்கான். தங்கமான பையன்தான், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல மட்டும் அவனுக்குத் தெரியாது. பெட்டியைத் தெறந்தான். குனிஞ்சு உள்ள பாத்தான்.

"அண்ணாச்சி, உள்ள பொட்டு வச்சிருக்கு."

"நல்லதுதானடே."

"இல்ல அண்ணாச்சி, யாரு தெறந்தா?"

"யாரு தெறந்தா என்ன? கெட்ட எண்ணத்துல தெறக்கிறவன் சந்தனம் வைப்பானா? சாமியும் உள்ள இருக்கு, சுத்தமாவும் இருக்கு. அப்பக் கோளாறு பெட்டியில இல்ல, கைராசியிலதான்."

பாத்தீங்களா? நான் வச்ச பொட்டே அந்தப் புள்ளைக்கு எதிர்ச்சாட்சியாப் போச்சு. சுடலைக்குமாரும் மேக்கொண்டு கேக்கலை. ஒரு அட்டையை உருவுனான், பென்சில் எழுத்தை அழிக்குத ரப்பரை வச்சு அதைத் தேய்ச்சான், திருப்பிச் சொருகுனான். கறுப்புதான். இன்னொரு அட்டையை உருவித் தேய்ச்சான். மதியம் வரைக்கும் தேய்ச்சான். ரப்பர் பாதியாப் போச்சு.

"ஏம் தம்பி, பரிச்சைக்குப் படிக்கியா?"ன்னு கேட்டேன். மனசுக்குள்ள பயம் இருக்கும்போதுதான் எனக்கு வாயி நிக்காது.

"சும்மா இருங்க யக்கா. இந்தப் போர்டு நான் பொறந்த காலத்துலது. இதுக்கு உள்ள புஸ்தகம் போன்ல தேடுதேன், கெடைக்க மாட்டேங்கு."

ரெண்டு மணிக்கு அவன் கையைத் தொடைச்சுக்கிட்டு மொதலாளிகிட்டப் போனான். "போர்டு செத்துப் போச்சு அண்ணாச்சி. இதே மாதிரிப் பழசு மெட்ராஸ்ல தேடிப் பாக்கணும். ஒரு மாசம் ஆகும், கெடைக்காமலும் போகும்."

மொதலாளி என்னையக் கூப்புட்டாவ. "சொர்ணம், அந்த ஆனந்திகிட்ட நாளையிலருந்து வர வேண்டாம்னு சொல்லிரு. நான் சொன்னா அழுவா. நீ பக்குவமாச் சொல்லு."

நான் சொல்லணுமாம். பக்குவமா. ஆனந்தி சன்னல் பக்கம் உக்காந்து பழைய லேபிளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டிருந்தா. அதுக்கு ஒரு அவசியமும் இல்ல. கையைச் சும்மா வச்சிருக்க முடியாம அடுக்குதா. அவ கையைப் பாத்தேன், எனக்குப் பொறுக்கலை. அழுகை வந்தா எனக்குக் கோவமாத்தான் வரும். மொதலாளி பக்கம் திரும்புனேன்.

"அவகிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. பெட்டியைத் தெறந்தது நான். பொட்டு வச்சது நான். அந்தக் கறுப்புத் தொப்பியெல்லாம் பிடுங்கித் தொடைச்சு மாட்டுனதும் நான். அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க. அவ கைராசியைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க."

மொதலாளி என்னையப் பாக்காவ. சுடலைக்குமார் மட்டும் கையில இருந்த ரப்பரைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தான்.

"யக்கா, என்ன சொன்னீங்க? அந்தக் கறுப்புத் தொப்பி, ஜம்பரு, அதைப் பிடுங்குனீங்களா? எத்தனை?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணை விட்டு ஒண்ணைத் தொடைச்சா நல்லாவா இருக்கும்?"

அவன் தலையில கை வச்சான். அப்புறம் சொன்னான், அந்தத் தொப்பியும் வெள்ளைச் சுவிட்சும் அழகுக்கு இல்லையாம். உள்ள இருக்க சிப்புக்கு எவ்வளவு கரண்டு போகணும், அது எவ்வளவு வேகத்துல ஓடணும்னு சொல்லுததே அதுகதானாம். காலியா விட்டாலும் அதுவும் ஒரு கட்டளையாம். நான் வரிசையா அடுக்குனதுல அது என்ன செய்யுததுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கு.

"அப்ப ஒத்தைக் கம்பியில தொங்குன ரெண்டு?"

"அது உபரி. தொலைஞ்சு போகாம இருக்க அப்படித்தான் தொங்க விடுவோம்."

"அசிங்கமா இருக்கு."

"அசிங்கமாத்தான் யக்கா இருக்கணும்."

நான் விடலை. "காலையிலருந்து இதை முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தியே, பல்லு வச்ச மாதிரி வரிசையா நிக்குதேன்னு உனக்குத் தோணலையா?"ன்னு கேட்டேன். கம்பெனியில அப்படித்தான் அனுப்புனாங்க போலன்னு நெனைச்சானாம்.

எது எது எங்க இருந்துச்சுன்னு கேட்டான். அதை நான் எங்க கண்டேன். பொதுவா இப்படிப் பலகையிலயே ஒரு கட்டம் அச்சடிச்சிருப்பாங்க, எந்த வேகத்துக்கு எந்தத் தொப்பி எங்கன்னு அதுல இருக்கும்னு சொல்லிக்கிட்டே தேடுனான். தேடுன வெரலு போய் நின்ன எடம் என் பொட்டு.

மொதலாளி குறுக்க வந்தாவ. "ஏலே, விஜயதசமி அன்னைக்குப் பொட்டை அழிக்கப்படாது."

"அழிக்கலைன்னா இது ஓடாது அண்ணாச்சி."

"நாளைக்கு அழிப்போம்."

நாளைக்காம். இன்னொரு ராத்திரி அந்தப் புள்ள அந்தப் பேரோட வீட்டுக்குப் போகணுமா? "வச்சவ எடுத்தாக் குத்தம் இல்ல"ன்னு சொல்லிட்டு நான் நகத்தைக் கொடுத்தேன். சந்தனம் காஞ்சு ஒரே பில்லையாக் கழண்டு வந்துட்டு. அதை எடுத்து மொதலாளி கையிலயே கொடுத்தேன். அவிய என்ன செய்யன்னு தெரியாம அதை நெத்தியில தொட்டு வச்சுக்கிட்டாவ. அடியில, மஞ்சப் பூத்தாப்புல, அந்தக் கட்டம் இருந்துச்சு.

சிப்பு மேல இருந்த ஃபேனைக் கழட்டி அதுல உள்ள நம்பரைப் பாத்தான் சுடலைக்குமார். கட்டத்துல அந்த நம்பருக்கு நேரா உள்ள வரிசையைப் போன் வெளிச்சத்துல வாசிச்சான். அவன் தடி வெரலுக்கு அந்தத் தொப்பி மாட்ட வரலை, ரெண்டு தடவை கீழ போட்டுத் தேடுனான். "தள்ளு"ன்னு சொல்லி நான் உக்காந்தேன். ஒண்ணாவது ரெண்டாவது கம்பிக்கு ஒண்ணு, பக்கத்துல காலி, அதுக்கு அடுத்து ஒண்ணு. அவன் சொல்லச் சொல்ல மாட்டுனேன். மூணு சுவிட்சு மேல, அஞ்சு சுவிட்சு கீழ. ஒரு தொப்பி பழைய நெனப்பையெல்லாம் அழிக்கிறதுக்கு உள்ளதாம், அதை நான் அழிக்கிற பக்கமா மாட்டி வச்சிருந்தேனாம், அதையும் மாத்துனேன். கடைசி ரெண்டையும் ஒத்தைக் கம்பியில தொங்க விடும்போது எனக்குக் கை கூசுச்சு.

மொதலாளி தானே சுவிட்சைப் போட வந்தாவ. நான் நடுவுல நின்னுக்கிட்டேன்.

"காலையில போட்டவதான் போடணும்."

அவிய என்னைய முறைச்சாவ, பொறவு விலகுனாவ. ஆனந்தி வந்து அமுக்குனா. ஒரு சத்தம் கேட்டுச்சு, திரையில வெள்ளை எழுத்து ஓடுச்சு. தேதி மட்டும் ஏதோ பழைய வருசத்தைக் காட்டுச்சு, அதைச் சுடலைக்குமார் திருத்துனான். மிஷின் லேபிளை இழுக்க ஆரம்பிச்சுட்டு. மொதலாளி தொண்டையைச் செருமிக்கிட்டு, "கைராசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பெட்டிக்குள்ள மட்டும் இனிமே எவளும் பூசை பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போயிட்டாவ. என்னைய எறக்கவும் இல்ல, அனுப்பவும் இல்ல.

அஞ்சு மணிக்கு நானும் ஆனந்தியும் ரோட்டுல கயத்தாறு பஸ்ஸுக்கு நின்னோம். அவ கலகலன்னு பேசிக்கிட்டே நின்னா. நான் அவ பேச்சைக் குறுக்க மறிச்சேன்.

"ஏட்டி, காலையிலேயே நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மனசுல வச்சுக்கிடாதே."

"நீங்க தெறந்தது எனக்குத் தெரியும் யக்கா."

"எப்படித் தெரியும்?"

"பூசைக்கு வாழைக்கன்னு கட்டிக்கிட்டிருந்தேன்லா, அங்கனருந்து பாத்தேன். ஒவ்வொண்ணா முந்தியில தொடைச்சீங்க."

எனக்குச் சுள்ளுன்னு ஏறிட்டு. "பாத்தவ ஏன்டி வாயைத் தெறக்கலை? வேலையை விட்டே அனுப்பப் போனாவ. கோட்டிக்காரியா நீ?"

அவ பஸ் வருதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு சொன்னா. "என்னைய அனுப்புனா நான் திரும்ப உப்பளத்துக்குப் போவேன். பழகுன வெயிலுதான. உங்களை அனுப்புனா நீங்க எங்க யக்கா போவீங்க?"

காலையிலருந்து நானும் வாயைத் தெறக்கலை, அவளும் வாயைத் தெறக்கலை. நான் என்னைக் காப்பாத்த, அவளும் என்னைக் காப்பாத்த. பஸ் வந்து நின்னுச்சு, அவ ஏறிட்டா. கண்டக்டர் ரெண்டு தடவை கூப்புட்ட பொறவுதான் நான் ஏறுனேன்.