தெரியாது என்று எழுதியவள்

ஆனிமேரிக்கு நாற்பத்தாறு வயதில் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்தவள், பள்ளியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்துவிட்டாள். மதுரை கே.கே. நகர் வீட்டில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தனிஸ்லாஸ்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். சமயநல்லூருக்கு மேற்கே மானாவாரி நிலங்களில் கிராஃபைட் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்க ஓர் ஆஸ்திரேலியக் கம்பெனி வந்திருந்தது. ஊர்க்காரர்களிடம் தமிழிலும் கம்பெனியிடம் ஆங்கிலத்திலும் பேச அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது.

"போய்ப் பாரு மேரி. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கெல்லாம் இங்கிலீஷ்ல லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தவ நீ. இவங்களுக்கு எழுத மாட்டியா?" என்றார்.

போனாள், கிடைத்தது. நிலத்துக்காரர்களிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவது ஒரு வேலை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெர்த் நகரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு, ஊர் நிலவரம் எப்படி என்று கடிதம் எழுதுவது இன்னொரு வேலை.

கரட்டுப்பட்டியில் ஒன்பது துளைகள் போடத் திட்டம். அதில் நான்கு மாயக்காளின் நிலத்தில் வந்தன. கணவன் இறந்த பிறகு, கொழுந்தன் உக்கிரபாண்டியின் துணையோடு தனியாக விவசாயம் பார்ப்பவள் மாயக்காள். கம்பெனி ஜீப்பைப் பார்த்ததுமே அவள் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றுவிட்டாள்.

"பென்சிலுக்குள்ள இருக்குதுல்ல, அந்தக் கரிதான் மாயக்கா. இப்ப பேட்டரி செய்ய வேணுமாம். உள்ள இருக்கான்னு மட்டும்தான் பாக்கப் போறாங்க" என்றாள் ஆனிமேரி.

"பாத்துட்டு ஓட்டைய அப்படியே விட்டுட்டுப் போயிருவாகளா?"

"இல்ல. ஒவ்வொண்ணையும் சிமென்ட் ஊத்தி அடைச்சு, மேல மண்ணு போட்டுத்தான் போவாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

மாயக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கம்பெனிக்காரன் சொன்னா நம்ப மாட்டேன் டீச்சர். நீங்க சொல்றீக. போடச் சொல்லுங்க."

கிளார்க்காக இருந்தவளை அந்த ஊர் முதல் நாளிலிருந்தே டீச்சராக்கிவிட்டது. அவளும் திருத்தவில்லை.

துளைகளிலிருந்து வந்த கல் கறுப்பாக இருந்தது. தொட்டால் விரலில் மினுமினுப்பாக ஒட்டியது. கம்பெனியின் நிலவியலாளர் ஹெலன், பெர்த்திலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி, அந்தக் கல்லைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கட்டத்தில் இன்னும் முப்பது துளைகள், அதன் பிறகு சுரங்கம் என்று பேச்சு வந்தது. உக்கிரபாண்டி கல் பெட்டிகளை ஏற்றிப்போக ஒரு குட்டியானை வண்டி வாங்கிவிட்டார். வேலை வரப்போகிறது என்று ஊரே நம்பியது.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

ஆய்வு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதமும் அதே மாதம்தான். ஆனிமேரி ஃபைலைத் தேடி அரசு அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாக நடந்தாள். "எலெக்‌ஷன் முடியட்டும்மா, யாரு வர்றாங்கன்னு பாப்போம்" என்பதே எல்லா மேசையிலும் பதில். ஒரு வேட்பாளர் சமயநல்லூர் கூட்டத்தில் பேட்டரி ஃபேக்டரியே கொண்டுவருவேன் என்றார். மறுநாள் பக்கத்து ஊரில், ஒரு கூடை மண்ணைக்கூட அள்ள விடமாட்டேன் என்றும் அவரே சொன்னார். இரண்டு இடத்திலும் கைதட்டல் குறைவில்லை.

வியாழக்கிழமை சென்னையிலிருந்து அசோக்குமார் போனில் வந்தார். இந்தியாவில் கம்பெனிக்குப் பொறுப்பானவர் அவர்.

"மேடம், திங்கக்கிழமை போர்டு மீட்டிங். அடுத்த கட்டத்துக்குப் பணம் போடலாமா வேணாமான்னு அன்னைக்கு முடிவு. உங்க லெட்டரைத்தான் முதல்ல படிப்பாங்க. யாரு ஜெயிச்சாலும் பிரச்சினை இல்லைன்னு ஒரு வரி போட்டுடுங்க."

"பிரச்சினை வராதா சார்?"

"அது யாருக்குத் தெரியும் மேடம்? மீட்டிங் தாண்டிட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் மத்தியானம் வரை அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனிஸ்லாஸ் காப்பியோடு வந்தார்.

"என்ன எழுதப் போற?"

"தெரியாதுன்னு."

"அதை எழுதவா ஒன்னைய வேலைக்கு வச்சாங்க?"

"ஊர் நிலவரம் எழுதத்தானே வச்சாங்க. நிலவரம் அதுதாங்க."

"சரி. இந்த வேலை போனா வேற பாத்துக்குவோம். எழுது" என்று தம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

ஆனிமேரி எழுதினாள்: 'பதினொரு பேரிடம் விசாரித்தேன். இந்த அனுமதி புதுப்பிக்கப்படும் என்று நாலு பேரும், புதுப்பிக்கப்படாது என்று மூன்று பேரும் சொன்னார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்து வரும் அரசு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.'

திங்கள் மாலையே முடிவு வந்துவிட்டது. மறு அறிவிப்பு வரும்வரை மதுரைத் திட்டம் நிறுத்தம். எல்லாச் செலவும் நிறுத்தம். துளைகளை அடைக்கிற செலவும் அதில் அடக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆனிமேரி கரட்டுப்பட்டிக்குப் போனாள். போனில் சொல்லியிருக்கலாம். மனது கேட்கவில்லை.

"ஒரு லெட்டரப் பாத்துட்டு நிறுத்திட்டாகளாமே, அசோக்குமாரு சார் சொன்னாரு. எழுதுனது யாரு?" என்றார் உக்கிரபாண்டி.

"நான்தான் அண்ணே."

"எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! நல்லபடியா ரெண்டு வார்த்தை எழுதுனா கையா முறிஞ்சு போகும்?"

புது வண்டி அவர் பின்னால்தான் நின்றது, அதற்குப் போட்ட மாலைகூட இன்னும் முழுசாகக் காயவில்லை. மாயக்காள் மட்டும் வேறு கேட்டாள். "குழி, டீச்சர்? நேத்து மொக்கையன் வீட்டு ஆட்டுக்குட்டி காலை விட்டுருச்சு. நல்லவேளை, ஒடியல."

வரப்பில் நின்றபடியே ஆனிமேரி, பெர்த்துக்குத் திரும்பியிருந்த ஹெலனுக்குப் போன் போட்டாள். துளைகளை அடைக்கப் போர்டு ஒரு பைசாகூட விடாது என்றாள் ஹெலன்.

"ஹெலன், என் வார்த்தையை நம்பித்தான் இவங்க நிலத்தைத் திறந்து விட்டாங்க. கம்பெனி எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போகலாம். நான் மதுரையிலேயேதான் இருக்கணும். இவங்க முகத்தைத்தான் பாக்கணும்."

"ஒரு நாள் கொடு" என்றாள் ஹெலன்.

புதன்கிழமை அவளே கூப்பிட்டாள். ஒரு வாரத்துக்கான பணம் கிடைத்துவிட்டது. போர்டில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நமக்கு உண்மையை எழுதியது ஒரே ஒரு பெண். அவளை அவள் ஊரில் பொய்க்காரியாக்கினால், நாளைக்கு எந்த நாட்டிலிருந்தும் நமக்கு உண்மை வராது." அதோடு நிற்காமல், அடுத்த திங்கட்கிழமை ஹெலன் மதுரை ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாள்.

துளை இயந்திரத்தை ஓட்டியவர் முத்துக்குமரன், திருச்செங்கோட்டுக்காரர். அவரும் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியிருந்தவர், விஷயம் கேட்டு அவிழ்த்துவிட்டார். ஒவ்வொரு துளையாகச் சிமென்ட் பாலை இறக்கி அடைத்து வந்தார்கள். மூன்றாம் நாள் மாயக்காள் நிலத்தின் கிழக்கு மூலையில் நின்றபோது முத்துக்குமரன் அலுத்துக்கொண்டார்.

"இந்தக் குழிதாங்க எங்களைப் படாதபாடு படுத்துச்சு. இருநூத்திப் பத்தடியில தண்ணி பீறிக்கிட்டு வந்து, ரெண்டு நாள் வேலையே ஓடல."

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்தாள். அரிவாள் கையிலேயே நின்றது. அவள் இரண்டு முறை போர் போட்டு, இரண்டிலும் தண்ணீர் வராமல் புழுதிப் புகைதான் பார்த்தவள்.

"என்னது? தண்ணியா? எங்காட்டுலயா?"

முத்துக்குமரன் நாக்கைக் கடித்துக்கொண்டார். துளைக்குள் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சுரங்கம் வருமா வராதா என்று தெரியாத நிலையில், அந்த விவரங்கள் மட்டும்தான் கம்பெனி கையில் மிஞ்சிய சொத்து. வேறு யாருக்காவது விற்பதற்கு அதுதான் இருந்தது.

ஆனிமேரி ஹெலனைப் பார்த்தாள். "இந்த ஒரு குழியை மட்டும் விட்டுட முடியாதா?"

"முடியாது. விட்டாலும் இதில் மோட்டார் இறங்காது, குழாய் அவ்வளவு ஒல்லி" என்றாள் ஹெலன். பிறகு மாயக்காள் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போனாள். வெயிலில் அங்கேயும் இங்கேயும் நடந்தபடி அரை மணி நேரம் பேசினாள், மெயில் அனுப்பினாள். கடைசியில் பதில் வந்தது. ஹெலன் அதை ஆனிமேரியிடம் நீட்டினாள். இரண்டே வாக்கியம்: 'தண்ணீரைச் சொல்லலாம். கல்லைச் சொல்ல வேண்டாம்.'

ஹெலன் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, எந்த இடத்தில் துளை போட வேண்டும், எத்தனை அடியில் தண்ணீர் என்று படம் வரைந்தாள். ஆனிமேரி பக்கத்திலேயே தமிழில் எழுதி, நாலாக மடித்து மாயக்காளிடம் கொடுத்தாள். மாயக்காள் வாங்கி மாராப்பில் சொருகிக்கொண்டாள். ஹெலனின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹெலனுக்கும் அப்போது யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அறுப்பு முடிந்து போர் வண்டி வந்தது. அன்று முற்பகல் ஆனிமேரி மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல்.

"கேக்குதா டீச்சர்? தண்ணி! இருநூத்திப் பதினஞ்சுல! மூணு இஞ்சுத் தண்ணி டீச்சர்!"

"கேக்குது மாயக்கா, கேக்குது" என்றாள் ஆனிமேரி. திரும்பக் கோயிலுக்குள் போய் முழங்காலிட்டாள். ஹெலனுக்காகவும் முத்துக்குமரனுக்காகவும் ஜெபித்தாள். அந்த இரண்டு வாக்கியத்தை எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. 'பெர்த்துல இருக்கிற அவரு' என்று சொல்லிக்கொண்டாள். ஆண்டவருக்குத் தெரியும்.

தேர்தல் முடிந்து புதிய அமைச்சர்கள் வந்தார்கள். ஃபைல் போன இடம் தெரியவில்லை. கம்பெனி தன் பணத்தை வேறொரு கண்டத்துக்குக் கொண்டு போய்விட்டது. ஆனிமேரிக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் வந்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்து கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசையில் சேர்ந்தாள். சம்பளம் பாதிதான், ஆனால் நடந்தே போய்விடலாம்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் குட்டியானை வந்து நின்றது. உக்கிரபாண்டி இறங்கினார். பின்னால் வெண்டைக்காய் மூட்டை மூட்டையாக இருந்தது. அதில் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து நடையில் வைத்தார்.

"மதினி காட்டுக் காய். பரவை மார்க்கெட்டுக்குக் கொண்டு போறேன். மொத மூட்டைய டீச்சர் வீட்டுல எறக்கிட்டுத்தான் போகணும்னு கண்டிசனாச் சொல்லிருச்சு."

"உக்காருங்கண்ணே, காப்பி சாப்பிடலாம்" என்றார் தனிஸ்லாஸ்.

உக்கிரபாண்டி உட்காரவில்லை. துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. சுரங்கம் வருதுன்னு மதினி நிலத்தையும் சேத்து அடமானம் வச்சு டிப்பர் எடுக்குறதா இருந்தேன். செவ்வாக்கெழம கையெழுத்து. நீங்க வந்து சொன்னீகள்ல, அதே செவ்வாக்கெழம. அன்னைக்கு நீங்க வேற மாதிரி எழுதியிருந்தீகன்னா, இந்நேரம் நிலமும் இல்ல, தண்ணியும் இல்ல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"அன்னைக்கு நீங்க பேசினது நியாயம்தாண்ணே. வேலை போச்சுல்ல" என்றாள் ஆனிமேரி. "நீங்கள்லாம் என்னைய நம்புனீங்க. அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்."

அவர் காப்பியை நின்றுகொண்டே குடித்தார். மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி, வண்டியில் ஏறியதும் தலையை வெளியே நீட்டினார். "அடுத்த வாரம் கத்தரிக்கா கொண்டாரேன்!"

தனிஸ்லாஸ் மூட்டையைப் பிரித்து ஒரு வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று ஒடிந்தது.

"இம்புட்டையும் நாம ரெண்டு பேரு எப்படித் திங்கிறது?"

"யாரு திங்கச் சொன்னா? பையை எடுங்க" என்றாள் ஆனிமேரி. கிளினிக்குக்குப் போக இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இருவரும் ஆளுக்கு ஒரு பையோடு தெருவில் இறங்கி, வலப்பக்கத்து முதல் வீட்டின் கதவைத் தட்டினார்கள்.