முனிகிருஷ்ணன் காலுக்கு ஆள் கொடுத்த ஊர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆனி மாதத்து வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாலசமுத்திரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் கால் மரத்துப்போய், நாற்பத்தொரு நிமிஷம் கழித்துத் திரும்ப வந்தது. ஏர் பிடித்தவன் கழனியிலேயே உட்கார்ந்தான். தெலுங்கு வாத்தியார் கங்கையா கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்தபடியே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். அன்று வெயில் சுமார்தான். புளி விலைகூட ஏறவில்லை.

எல்லாம் முனிகிருஷ்ணனால் வந்தது. ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லை எது என்று அளந்துகொண்டிருந்த காலம். சர்வே கோஷ்டியில் சங்கிலி இழுக்கிற வேலை அவனுக்கு. நாளைக்குப் பத்து மைல் நடப்பான். அந்தத் தை மாதம் அவன் வயிற்றுக்குள் இன்னொரு இதயம் அடிக்கத் தொடங்கியது. அடிக்கிற அடியில் சங்கிலி குலுங்கி, எல்லை எட்டங்குலம் தள்ளிப்போகிறது என்று கோஷ்டிக்காரர்கள் திட்டினார்கள். பெண்டாட்டி ரத்தினம்மா அவனைத் திருப்பதிக்கு பஸ் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் வெங்கடராகவன் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது இதயமல்ல, பெரிய ரத்தக்குழாய் பலூனாட்டம் உப்பியிருக்கிறது, வெடித்தால் ஆள் போச்சு என்றார். அதை வெட்டியெடுத்துத் துணிக்குழாய் வைத்துத் தைக்க வேண்டும். தைத்து முடிக்கும்வரை இடுக்கி போட்டு ரத்தத்தை நிறுத்த வேண்டும். அதுவரை இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டு போகாது. முன்பு இரண்டு பேருக்குச் செய்திருந்தார். இருவரும் பிழைத்தார்கள், ஒருவரும் நடக்கவில்லை. அதிலிருந்து அந்த மனுஷன் ஒன்றரை வருஷமாகத் தூங்கவில்லை. ரத்தம் நின்றாலும் நரம்பு சாகாமலிருக்குமா என்று ஆட்டு முதுகுக்கு ஐஸ் வைத்துப் பார்த்தார். ஆட்டு ரத்தக்குழாயைத் தினமும் தைத்துப் பழகி, எழுபது நிமிஷத்தை நாற்பத்தொன்றாக்கினார். அதற்குமேல் விரல் ஓடவில்லை.

“உசிருக்கு நான் பொறுப்பும்மா. கால் என் ஒருத்தனால ஆகற காரியமில்லே,” என்றார்.

ரத்தினம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒருத்தரால் ஆகாவிட்டால் ஊரைக் கேட்க வேண்டியதுதானே? நாற்று நடவுக்கு ஒருத்தர் கழனிக்கு இன்னொருத்தர் கூலியில்லாமல் ஆள் கொடுப்பது அங்கே வழக்கம். என்ன வேலை என்று யாரும் விசாரிப்பதில்லை. வீடு வீடாகப் போய், “வியாழக்கெழம ஒம்போது மணிக்கு எங்க ஊட்டுக்காரரு காலுக்கு ஆள் வோணும்,” என்றாள். “அதுக்கின்னா, வரோம் போ,” என்றது ஊர்.

அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாவுக்கும் கால் செத்தது. கிள்ளிப் பார்த்தாள், வலிக்கவில்லை. ஆள் வந்துவிட்டார்கள் என்று புரிந்ததும் நெஞ்சு நிறைந்து அழுதாள். உள்ளே, இடுக்கி போட்ட பிறகும் முனிகிருஷ்ணன் பாதம் கதகதவென்று இருந்தது. டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து ஒரு நிமிஷம் அசந்துபோய், பிறகு தைத்தார். வெளியே வந்து ரத்தினம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் முனிகிருஷ்ணன் கட்டைவிரலை ஆட்டினான், ஆவணியில் சங்கிலியைப் பிடித்தான்.

ஊரில் நடந்ததை ரத்தினம்மா டாக்டரிடம் சொன்னாள். அதன் பிறகு இந்த மாதிரி ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் டாக்டர் பாலசமுத்திரத்துக்குக் கார்டு போடுவார், ஊரில் தண்டோரா போடுவார்கள். அவர் கையில் யாருக்கும் கால் போனதில்லை. ஊரிலேயோ ஆஸ்பத்திரி வாசலிலேயோ இருந்தால்தான் கால் மரக்கும் என்று, அந்த நேரத்தில் மட்டும் ரத்தினம்மா புருஷனை எங்காவது தூரமாக அனுப்பிவிடுவாள். அறுபதில் எல்லை முடிவாகித் திருத்தணி மதராசோடு போயிற்று, பாலசமுத்திரம் ஆந்திராவில் நின்றது. அந்த வருஷமே திருத்தணிக்காரி தாட்சாயணிக்கு ஆபரேஷன் என்று கார்டு வந்தது. அவள் வேறு ஸ்டேட் ஆயிற்றே என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

“நீ போய்டு மாமா. ஒருதரம் தப்பிச்ச காலு. இப்ப மரத்துப்போனா திரும்பி வராட்டி?” என்றாள் ரத்தினம்மா.

“வராட்டி போவுது. அந்தம்மா நடக்கட்டும்.”

ஊரோரம் புதிதாக நட்டிருந்த எல்லைக் கல்லில் முதுகைச் சாய்த்து, முனிகிருஷ்ணன் காலை நீட்டி உட்கார்ந்தான். ரத்தினம்மா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் கால் இரண்டையும் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள்.