வெறும் தண்ணீரின் கோடு

1

இந்தக் கதையை என் தங்கையிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அவள் போனில் நிதானமாகச் சொன்னதை, 'விம்மி விம்மி அழுதாள்' என்று எழுதியிருந்தேன். வரைவை வாசித்தவள் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினாள்: 'அழலை. பசிச்சுது.'

ஆகவே மறுபடியும் தொடங்குகிறேன்.

2

தண்ணீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு புரதம் எப்படி இருக்கும்? சுருண்டா, விரிந்தா? அவளுடைய நாலு வருட முனைவர் பட்ட ஆய்வு இதுதான். கைக்குட்டை அளவு தொட்டி, அதில் தண்ணீர், அதன்மேல் சிரிஞ்சால் விடும் ஒரு சொட்டுப் புரதக் கரைசல். மேற்பரப்பில் நடப்பதைக் கணினி கோடாக வரையும். அவளுடைய கோட்டில் யாரும் பார்த்திராத ஒரு மேடு வந்தது. புரதம் புதுவிதமாக மடிகிறது என்று அவளும் அவளுடைய ஆய்வு நெறியாளரும் கட்டுரை எழுதினார்கள், ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அம்மா அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். (மீதிப் பக்கங்களில் படம் நன்றாக இல்லையாம்.)

ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒப்பிட்டுக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டதால், புரதமில்லாத வெறும் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து விட்டாள். அதுவரை தண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றித்தான் சோதித்திருந்தாள். தட்டையாகப் போக வேண்டிய கோடு எழுந்தது.

அதே மேடு.

பிளாஸ்டிக் சிரிஞ்சின் தண்டு வழுக்கிப் போவதற்காக உள்ளே துளி எண்ணெய் தடவியிருப்பார்கள். நாலு வருடமும் அவள் அளந்ததில் அதுவும் இருந்திருக்கிறது.

அவள் உலகமே இடிந்து

(இல்லை. கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டாள். அங்கிருந்துதான் எனக்குப் போன் செய்தாள்.)

3

அவளுடைய நெறியாளர்தான் எனக்குப் பிடிபடவில்லை. வரைவில் அவர் மேசையைத் தட்டி, "வெளியில மூச்சு விடாதே!" என்று கத்தினார்.

"சார் அப்படிப் பேசவே மாட்டார்க்கா," என்றாள் தங்கை. "நீ உன் பழைய மேனேஜரை எழுதி வச்சிருக்கே."

பிடித்துவிட்டாள். நடந்தது இதுதான். அவர் தொட்டியைத் தானே கழுவினார். கண்ணாடி சிரிஞ்சால் தண்ணீர் விட்டார்: தட்டைக் கோடு. பிளாஸ்டிக்கால் விட்டார்: மேடு. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, உங்களுக்கு. எங்க அக்காவுக்கு."

"அக்கா என்ன பண்றாங்க?"

"கதை எழுதுறாங்க சார்."

"அப்ப ஊருக்கே தெரிஞ்ச மாதிரிதான்." சிரிக்க முயன்றார், வரவில்லை. "கண்ணாடியைக் கழுவ நேரமாகுதுன்னு பிளாஸ்டிக் வாங்கச் சொன்னது நான்தாம்மா."

அன்று மதியமே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். 'தவறு என்னுடையது' என்று முடித்திருந்தார். தங்கை அதை 'எங்களுடையது' என்று திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் சட்டத்தைக் கழற்றவும் இல்லை.

4

இப்போது கண்ணாடி சிரிஞ்சோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கிறாள். என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

முதலாவது: எண்ணெய் இல்லாமலும் மேடு வருகிறது. புரதம் உண்மையாகவே அப்படித்தான் மடிகிறது.

இரண்டாவது: கோடு தட்டையாகவே போகிறது. அவள் அதைத் தட்டை என்று எழுதிப் பட்டம் வாங்குகிறாள்.

முதலாவதை எழுதக் கை துடிக்கிறது. இரண்டாவதில்தான் அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது.

நேற்று மாலை போன் செய்தாள். முதல் அளவீடு முடிந்துவிட்டதாம்.

"என்னடி வந்துச்சு?"

சொன்னாள். பேனாவை எடுத்தேன்.

"எழுதிடாதே," என்றாள். "ஒரு தடவை வந்தா அது முடிவு இல்லக்கா."