உறவுக்காரர் இல்லாத ஊர்

படித்து முடித்த பிள்ளைகள் வேலைக்கு ஊர் தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைப் பார்த்தால் பார்லினுக்குப் பற்றிக்கொண்டு வரும். சுமத்ரா தீவின் மேடான் நகரத்தில் அவனோடு சிவில் இன்ஜினியரிங் முடித்தவர்களில் பாதிக்கு மேல் அவனைப் போலப் பத்தாக் இனத்து ஜனங்கள். அதில் ஒருத்தனாவது சம்பளம் என்ன, வாடகை என்ன, பத்து வருஷம் கழித்து அந்த ஊரில் நாம் என்னவாக இருப்போம் என்று யோசித்தானா? கிடையாது. மாமா எந்த ஊரில் இருக்கிறார்? அவ்வளவுதான், மூட்டை கட்டிவிடுவான்.

"ஜகார்த்தாவுல எங்க மாமா பஞ்சர் கடை வெச்சிருக்கார்டா" என்றான் தோகார், காப்பிக்கடை பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு. "மாடியில ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு. போய் இறங்கினா சோறு ரெடி."

"நீ படிச்ச பாலம் கட்டுற படிப்புக்கும் பஞ்சர் கடைக்கும் என்னடா சம்பந்தம்?"

"மாமாவுக்கும் எனக்கும் சம்பந்தம் இருக்குல்ல, போதாதா? நீ எந்த ஊரு? பாத்தாமா, பெக்கன்பாருவா? உனக்குத்தான் ஊருக்கு ஊரு ஆள் இருக்கே, ராசா!"

அதுதான் பார்லினின் தலைவலியே. நாலு வருஷம் பெரியப்பா வீட்டில் தங்கிப் படித்தவன் அவன். தங்கினானா, மாட்டிக்கொண்டானா என்று கேட்கவேண்டும். சனிக்கிழமை தவறாமல் ஒரு கல்யாணம். கல்யாணம் என்றால் வாழ்த்திவிட்டு வருகிற கல்யாணமா அது? காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை பேச்சு, பன்றிக்கறியில் யாருக்கு எந்தத் துண்டு என்று ஒரு பஞ்சாயத்து. வண்டி ஓட்டுவது, அரிசி மூட்டை இறக்குவது, கிழவர்களைக் கொண்டுபோய் வீட்டில் விடுவது எல்லாம் பார்லின். பெரியப்பாவின் சம்பந்தியின் சாவுக்குப் போய் ஒரு பரீட்சையையே கோட்டைவிட்டான். யாராவது வருத்தப்பட்டார்களா? "பரீட்சை அடுத்த வருஷமும் வரும்டா" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அவன் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் இருபத்திரண்டு ஊர் எழுதினான். சம்பளம், வாடகை, வேலையில் வளர வழி என்று கட்டம் போட்டு மதிப்பெண் கொடுத்தான். கடைசிக் கட்டத்தில் உறவுக்காரர்களின் எண்ணிக்கை. அது குறையக் குறைய மதிப்பெண் கூடும். முதலிடம் வந்தது சுலாவேசித் தீவின் கொரொந்தாலோ. அங்கே ரோடு போடும் ஒரு கம்பெனியில் அளவெடுக்கும் வேலை, சம்பளமும் மோசமில்லை. சொந்தக்காரர்கள் சுத்தமாக இல்லை.

அம்மா சொந்த ஊரான பாலிகேயிலிருந்து போன் செய்து அழுதாள். "அங்க காய்ச்சல்னு படுத்தா கஞ்சி வெச்சுக் குடுக்க யாருடா இருக்கா?"

"காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டுக்குவேம்மா. கஞ்சிக்காக யாராச்சும் ஊரு தேடுவாங்களா?"

யார் சொல்லிக் கேட்டான்! போய்விட்டான்.

முதல் மூன்று மாதம் சொர்க்கம்தான். சனிக்கிழமை பத்து மணிவரை தூங்கினான். சொந்தக்கார வாட்ஸ்அப் குழுவின் வாயை அடைத்துப் போட்டான். ஒரு பத்தாக்காரன் இன்னொருவனைப் பார்த்தால் முதல் மூச்சில் கேட்பது "உங்க குலம் என்ன?" என்றுதான். பதில் வந்ததும் இரண்டு நிமிஷத்தில் யார் மாமன், யார் மச்சான், எந்தப் பெண் கட்டிக்கொள்கிற முறை என்று முடிவாகிவிடும். ஒரே குலம் என்றால் பங்காளி. அந்தக் குலத்துப் பெண் தங்கை. பதினைந்து தலைமுறைக்கு முன்னால் பிரிந்த வீடாக இருந்தாலும் தங்கை தங்கைதான், அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. கொரொந்தாலோவில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. ஆபீசில் அவன் வெறும் பார்லின். குலப்பெயரைச் சொல்லவே அவசியம் வரவில்லை.

நாலாவது மாதம் தனிமை வந்து உட்கார்ந்தது. அது பொல்லாதது, சொல்லிக்கொண்டு வராது. ஒரு சனிக்கிழமை காலையிலிருந்து அறையில் இருந்தவன், மாலையில் கடைக்காரரிடம் "ஒரு சோப்பு" என்று சொன்னபோதுதான் அன்றைக்கு அதுதான் தன் முதல் பேச்சு என்று அவனுக்கு உறைத்தது. வாடகைக்கு விட்ட ஹப்சாம்மா நல்லவர்தான். பார்க்கும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார், பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். ஆபீஸ் ஆட்கள் சிரித்துப் பேசி, ஐந்து மணிக்குத் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு அந்த ஊர் நிறையச் சொந்தம் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு கிண்ணம் சோளச் சூப்பை வாங்கித் துறைமுகத்துக் கல்லில் உட்கார்ந்து குடித்துவிட்டு, அம்மாவிடம் போனில் "நண்பர்களோட விருந்து, ஒரே சத்தம், கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். பிறகு வாயடைத்துப் போட்டிருந்த குழுவைத் திறந்து, அறுபது பேர் அனுப்பிய குரல்பதிவுகளை ஒன்று விடாமல் கேட்டான். கறித் துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது.

திரும்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த முகத்தோடு போவான்? தாளில் மதிப்பெண் போட்டுக் காட்டிவிட்டல்லவா வந்திருக்கிறான்!

சூப் கடையில்தான் அவளைப் பார்த்தான். முதுகுப் பக்கத்து மேசையில் ஒரு பெண்குரல், "பா! இதுல மிளகா போட்டீங்களா, இல்ல மிளகா போட்டோவைக் காட்டினீங்களா?" என்றது. பத்தாக்காரர்கள் வாயில் மட்டும் வருகிற அந்த "பா!" ஒன்று போதும். தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவன் திரும்பினான்.

"நம்ம தோபா ஏரிப் பக்கமா?"

"தாருத்துங்" என்றாள். "ஐயோ, நீங்களுமா? இந்த ஊர்லயா?"

தியுர்மா என்று பேர். சோள மில்லில் தரம் பார்க்கும் வேலை. அடுத்த கேள்வி இருவர் நாக்கிலும் வந்து நின்றது. பார்லின் அவசரமாகக் கையைத் தூக்கினான்.

"ஒண்ணு மட்டும் கேக்க வேண்டாமே."

"குலம்தானே? தயவுசெய்து கேக்காதீங்க!" அவள் சிரித்தாள். "அத்தை பையன் ஒருத்தன் இருக்கான். முறை, முறைன்னு வீடே என் கழுத்தைப் பிடிக்குது. முறையே இல்லாத ஊரு எதுன்னு மேப்ல தேடித்தான் இங்க வந்தேன்."

அன்றைக்கு இருவரும் இரண்டு கிண்ணம் குடித்தார்கள். அப்புறம் ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டியின் பின்னால் அவள். மிளகாய்த்தூள் டப்பா ஒன்று அவள் பையில். அவன் அளவெடுக்கும் ரோட்டில் கொளுத்தும் வெயிலில் வந்து நின்று, "இந்த ரோடு கோணலாப் போகுதே இன்ஜினியரே" என்று வம்பிழுப்பாள். அந்த ஊரில் அவனைத் திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள். மனுஷனுக்கு வேறென்ன வேண்டும்?

கல்யாணப் பேச்சு வந்தது. "டிசம்பர்ல ஊருக்குப் போறப்ப குலத்தைக் கேட்டுக்கலாம்" என்றாள் அவள். பயம் அவளுக்கும் இருந்தது, அவனுக்கும் இருந்தது. நானூறு ஐந்நூறு குலம் இருக்கிறது, நம் இரண்டு பேருக்குமா ஒன்றாக வந்து தொலையும் என்று அவன் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டான். தோகாரிடம் போனில் சொன்னபோது அவன் கத்தினான்.

"குலம் கேக்காம பொண்ணு பாத்தியா? பா! செருப்பு வாங்கினாக்கூட முதல்ல அளவு கேப்பமேடா! இன்னைக்கே கேளு."

"கேட்டு, ஒண்ணா இருந்துட்டா?"

"அதுக்குத்தான்டா முதல் நாளே கேக்கறது" என்றான் தோகார்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தியுர்மாவின் அறைத்தோழி போன் செய்தாள். இவன் போய்ப் பார்த்தபோது தியுர்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு நாளாக வலியை யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பேச்சுக் குழறிவிட்டது. குடல்வால் வெடித்துவிட்டது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த நர்ஸ் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பேரை எழுதிக்கொண்டே கேட்டாள். "நீங்க அவங்களுக்கு யாரு?"

"ஃப்ரெண்டு."

"ஃப்ரெண்டு கையெழுத்து செல்லாதுங்க. அப்பா, அம்மா, புருஷன், கூடப்பிறந்தவங்க, யாராவது இருக்காங்களா?"

"எல்லாரும் சுமத்ராவுல. இங்க யாருமே இல்லைங்க. அவ போனும் பூட்டியிருக்கு. நான் போடறேன், எதுல வேணும்னாலும் போடறேன், தயவுசெய்து..."

"டாக்டர் என்னைத்தானே திட்டுவார்? அவங்க அட்டை இருக்கா, குடுங்க, மேல கேட்டுப் பாக்கறேன்."

அவள் பையைத் துழாவி அட்டையை எடுத்து நீட்டினான். பதற்றத்தில் அவன் அதைப் பார்க்கவில்லை. நர்ஸ் பார்த்தாள். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிமிர்ந்து, கோபமும் சிரிப்புமாக அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, பதட்டத்துல தங்கச்சியைக்கூடவா மறந்துட்டீங்க? நீங்க பார்லிந்துங்கான் சிதோம்புல். இவங்க தியுர்மா சிதோம்புல். அண்ணன்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் ஆகுமா? இங்க போடுங்க."

பேனாவை அவன் கையில் திணித்தாள். தாளில் 'உறவுமுறை' என்று ஒரு கோடு. அதில் அவன் கைப்பட எழுத வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் தியுர்மா முனகும் சத்தம் கேட்டது. நேரமில்லை. 'அண்ணன்' என்று எழுதினான். முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டான். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தான். இப்போதும் ஒரு வழி இருந்தது. நர்சுக்கு எல்லாம் ஒன்றுதான், அவளுக்கு என்ன தெரியும்? தியுர்மாவிடம் வேறு ஒரு குலப்பெயரைச் சொல்லிவிடலாம். டிசம்பரில் ஊருக்குப் போகாமல் தள்ளிப்போடலாம். இங்கேயே, யாரும் எதுவும் கேட்காத இந்த ஊரிலேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்துவிடலாம். இதற்காகத்தானே இந்த ஊர்? அவன் மடியில் இருந்த அவளுடைய பையில் போன் அடித்தது. பூட்டிய போனில் இருந்து கூப்பிட முடியாது, வருவதை எடுக்கலாம். 'அம்மா' என்று இருந்தது.

எடுத்தான். பதமாகத்தான் சொன்னான். அந்தப் பக்கம் அலறல்.

"ஐயோ எம்பொண்ணே! வேண்டாம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! நாதியத்த ஊர்ல போய் அறுத்துப் போட்டிருக்காங்களே! நான் விமானம் பிடிச்சு வர ரெண்டு நாள் ஆகுமே, அதுவரைக்கும் யாரு இருக்கா அவளுக்கு? தம்பி, நீ யாருப்பா? நம்ம பேச்சு பேசறியே. என்ன குலம்பா நீ?"

நானூறு குலப்பெயர் இருந்தன, எதையாவது சொல்லியிருக்கலாம். நைங்கோலான் குலம் என்று சொல்லியிருந்தால் மறுபேச்சில்லை. வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் அந்த அம்மாள் அழுத அழுகை இருக்கிறதே, 'யாருமில்லை, யாருமில்லை' என்ற அழுகை, அது என்னவென்று கொரொந்தாலோவில் அவனைவிட யாருக்குத் தெரியும்?

"சிதோம்புல்" என்றான்.

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது.

"சிதோம்புல்லா? நம்ம சிதோம்புல்லா? அப்பா, நீ எம்புள்ளைடா! நான் உனக்குச் சித்திடா! ஏங்க, இங்க வாங்க, அந்த ஊர்ல நம்ம பொண்ணுக்கு அண்ணன் இருக்கானாம்! ஆண்டவரே, அநாதையா விட்டுட்டேன்னு நினைச்சேனே, அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கீரே! நீ சாப்பிட்டியாடா கண்ணு? குரலே சரியில்லையே. போய் ஏதாச்சும் சாப்பிடு முதல்ல. தங்கச்சியைப் பாத்துக்கடா."

பதினாலு மாதமாக அவனை யாரும் இப்படி உரிமையோடு அதட்டவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"பாத்துக்கறேன் சித்தி" என்றான்.

மறுநாள் காலை அவளைப் பார்க்க விட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் உள்ளே போகும்போது தியுர்மா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் தலையணைப் பக்கத்தில் கிடந்தது.

"அம்மா பேசினாங்க" என்றாள்.

அவன் தலையாட்டினான். வழக்கமாக என்றால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொள்வான். இன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். முதுகு குலுங்கியது. தையல் வலித்திருக்க வேண்டும், அடக்கிக்கொள்ளப் பார்த்தாள். அவனால் தொட்டுத் தேற்ற முடியவில்லை. வார்டில் இருந்த மற்ற கட்டில்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே இவர்கள் இரண்டு பேர்தான்.

வெகுநேரம் கழித்து அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே" என்றாள். "கொஞ்சம் தண்ணி வேணும்."

"ஒரு வாய்தான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டு, பார்லின் எழுந்து தம்ளரைத் தேடினான்.