அளவுக் கிணற்றுக்கு மூன்று லோடு

பேரணாம்பட்டில் அந்தத் தெருமுனைக் கிணற்றிலிருந்து யாரும் ஒரு குடம்கூட இறைக்கக் கூடாது. நிலத்தடி நீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று மாதம் ஒருமுறை டேப் விட்டுப் பார்ப்பதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் கிணறு. இந்த மாதமும் மட்டம் இறங்கினால் தெருவில் புது போர்வெல்லுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் போர் போட மனு கொடுத்திருந்த அன்வரி பேகத்துக்கு அன்றிலிருந்து உட்கார முடியவில்லை. சோறு தின்பதுகூட நடந்துகொண்டேதான்.

காலையில் கிணற்றில் ஒரு கல்லைப் போடுவாள். வீட்டுக்குப் போய் டீ போட்டு, ஆற்றிக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது கல் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கும். புதன்கிழமை டம்ளர் காய்ந்த பிறகும் கேட்கவில்லை. அளவெடுக்கும் சோபனா மேடம் வருவதோ மறுநாள் பதினோரு மணிக்கு.

டேங்கர் லாரி ஜியாவுல்லாவைக் கூப்பிட்டு, கிணற்றில் மூன்று லோடு ஊற்றச் சொன்னாள். கிணற்றுக்குத் தண்ணீர் விற்பது இதுதான் முதல் தடவை என்றான் அவன்.

வியாழக்கிழமை சோபனா டேப்பை இறக்கினார். போன மாதத்தைவிட நான்கு அடி கீழே. டேப்பின் மேல் சந்தேகப்பட்டு, அன்வரி இன்னொரு முறை விடச் சொன்னாள். அதே நான்கு அடி.

"சுவரெல்லாம் சொட்டுது. இன்னாம்மா ஊத்துனீங்க?"

"மூணு லோடு, மேடம்."

"எங்கேர்ந்து?"

ஜியாவுல்லா கையை நீட்டினான். கிணற்றுக்குப் பின்னால் நாற்பதடியில் அவனுடைய போர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே ஊற்றியதைவிட அங்கே உறிஞ்சியது ஜாஸ்தி என்று சோபனா கணக்குச் சொன்னார். ஈரச் சுவரில் எடுத்த அளவு செல்லாது, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அவர் வண்டி திரும்புவதற்குள் அன்வரி ஜியாவுல்லாவின் போர் மோட்டாரை நிறுத்தி, கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஆபா, தெரு முழுக்க இந்தத் தண்ணிதான்," என்றான் ஜியாவுல்லா.

"நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் யாரும் குளிக்கத் தேவல. செத்தா பூடுவீங்க?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்குக் குளிக்க வேண்டிய ஆண்கள் வாளியும் துண்டுமாகக் கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அன்வரி அந்த வரிசையின் நீளத்துக்கு நடந்தபடியே இருந்தாள். சோபனா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு டேப்பை இறக்கினார். ஐந்து அடி ஏறியிருந்தது. போன மாதத்தைவிட ஓரடி மேலே.

"அப்ப போர் போட்டுக்கலாமா, மேடம்?"

சோபனா எழுதிக்கொண்டே சொன்னார்: "தாராளமா போடுங்க. தண்ணி மட்டும் எடுக்காதீங்க."

அன்வரி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மணி பதினொன்று ஐந்து. வரிசையில் நின்றவர்கள் வாளியைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள்.