அம்மா பெயரில் ஒரு சோப்பு

அண்ணன் சோப்புக் கம்பெனி தொடங்கியபோது, பெட்டிக்கு எழுத்து வடிவமைக்கத் தங்கையைத்தான் கூப்பிட்டான். அந்தத் தொழிலில் அவளுக்கு நல்ல பெயர்.

"பார்த்தா அந்தக் காலத்துச் சரக்கு மாதிரி இருக்கணும். செரிஃப் எழுத்து, தேஞ்சுபோன மாதிரி. மேல பெருசா அம்மா பேரு," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அம்மா அடுப்படியில் சோப்புக் காய்ச்சி, வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றுத்தான் இரண்டு பேரையும் ஆளாக்கினாள். கூடையோடு அம்மா எதிரே வந்தால், அது தன் அம்மா என்று கூட வரும் நண்பர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று தெருவின் மறுபக்கம் நழுவியவன் இந்த அண்ணன். இருந்தாலும், அம்மாவின் பெயர் பெட்டியில் ஏறுகிறதே என்று வாயை மூடிக்கொண்டாள்.

வேலையில் குறை வைக்கவில்லை. கோடுகளின் முனையில் சின்னதாய்ப் பாதம் வைத்த செரிஃப் எழுத்தாகப் பார்த்து அந்தப் பெயரை அச்சடித்தாள். உப்புத்தாளால் தேய்த்தாள், கசக்கி விரித்தாள், ஈரப் பஞ்சால் ஒற்றினாள். பிறகு ஸ்கேன் செய்து, கணினியில் ஓரங்களைக் கொறித்துவிட்டாள். அண்ணனுக்கு அதுவும் போதவில்லை.

"இன்னும் தேயட்டும். நூறு வருஷம் தெரியணும்."

"அம்மாவுக்கே எழுபதுதான் ஆகுது."

"வாங்குறவன் வந்து வயசா கேக்கப்போறான்?"

தேய்த்துக் கொடுத்தாள்.

அறிமுக விழாவில் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் அண்ணன் அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றித் உருகி உருகிப் பேசினான். போய்ச்சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது. ஒரே கைதட்டல். அம்மாவை மேலே கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா கையில் கொடுத்திருந்த பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அருகில் நின்ற மகளிடம் கேட்டாள்.

"இது என் பேராடி?"

"ஆமாம்மா."

"ஏன் கரையான் அரிச்ச மாதிரி இருக்கு? நல்ல எழுத்து கிடைக்கலையா?"

"இப்ப இதுதாம்மா ஸ்டைல். பழசுன்னா ஜனங்க நம்புவாங்க."

"காய்ச்சுற இடத்தை ஒருநாள் வந்து பாக்குறேன்னேன். எல்லாம் மெஷினு, நீ வந்து என்ன பண்ணப்போறேன்னுட்டான்." அம்மா பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். "பேரு மட்டும் போதும்போல."

மகளுக்கு முகம் எரிந்தது. நேரே அண்ணனிடம் போனாள்.

"அடுத்த தடவை அச்சடிக்கும்போது அம்மா பேரை முழு எழுத்தா போடு. இல்லன்னா எடுத்துடு."

"அட லூசு, எல்லாரும் அந்த எழுத்தைத்தான் தூக்கிவெச்சுப் பேசுறாங்க!" என்று சிரித்தவன், பக்கத்தில் நின்ற குடை வியாபாரியிடம், "இவதான் செஞ்சது," என்று அவளை முன்னே தள்ளிவிட்டான்.

"எங்கப்பா பேர்லயும் இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தாங்க," என்றார் வியாபாரி.

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு. அதனால என்ன?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "அடுத்த வாரம் ஆபீசுக்கு வாங்க," என்றுதான் வந்தது.

காரில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் புது வேலையைப் பற்றி மகள் மூச்சு விடவில்லை.