பாறை மேல் நிற்பவள்

கொழுந்தன் வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று. பஸ் ஓட்டுகிறவன். அவன் கம்பெனியே அடிக்கடி கண்ணைச் சோதித்துத்தான் ஸ்டீயரிங்கைக் கையில் கொடுக்கிறது. ஆனாலும் கண்ணாடிக் கடை முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவள் அந்தக் கனமான சோதனைச் சட்டத்தை எடுத்து அவன் மூக்கின் மேல் மாட்டி, ஒரு கண்ணை மறைத்து, எதிர்ச் சுவரில் எரியும் எழுத்துகளைக் காட்டினாள்.

"கடைசி வரி தெரியுதா?"

"நல்லாத் தெரியுது அண்ணி. 'ஞாயித்துக்கிழமை அண்ணி வர்றாங்க'ன்னு போட்டிருக்கு."

"அப்படி ஒண்ணும் போடல. அடுத்த கண்ணு."

"இந்தக் கண்ணுக்கு இன்னும் பெரிய எழுத்துல தெரியுது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டத்தைக் கழற்றினாள். அவன் குரலைத் தாழ்த்தினான். வரும் வாரம் இடது முட்டியில் ஆபரேஷன். இத்தனை வருஷமாகக் கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துபோன முட்டி. அதற்கப்புறம் நடக்கலாம், பஸ்கூட ஓட்டலாம், ஆனால் பலகை போட்டு அலையில் ஏறுவதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"ஒரே ஒரு அலை அண்ணி. முழுசா. மணல் வரைக்கும். நீங்க வந்து பாறை மேல நின்னாப் போதும்."

"அன்னைக்குத் திரைச்சீலை எல்லாம் துவைக்கணும்" என்றாள் அவள். சொல்லும்போதே அது எவ்வளவு பலவீனமான சாக்கு என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டே, சன்னல் ஓரமாகத் தாங்கித் தாங்கி நடந்துபோனான். கொஞ்சம் அதிகமாகவே தாங்கினான்.

அவன் சொன்ன பாறை இருக்கும் கடற்கரை, ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவு. கடைசிப் பாதி வழியைப் பாதை என்று சொல்வதே அதற்குக் கொடுக்கும் மரியாதை. கறுத்த இரண்டு மலைக்கைகள் கடலுக்குள் நீண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மணல். கடையில்லை, கூரையில்லை, போனில் சிக்னல் இல்லை. அவளுடைய கணவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது அவருக்கு நாற்பது வயது. லிப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு தொங்குகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் ஏதாவது ஏறி இறங்கவேண்டும். கூடவே தம்பியையும், தெருமுனை சலூன்காரரையும், மேல்வீட்டுக் கணக்கு வாத்தியாரையும் கெடுத்து இழுத்துக்கொண்டு போனார். நரைத்த தலையும் முன்தள்ளிய வயிறுமாக நாலு பேர், உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பில் பலகைகளைச் சுமந்துகொண்டு கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கவே அவள் முதல் தடவை போனாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் போனாள்.

சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு வராது. பாறை மேல் நின்று பார்த்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தண்ணீரில் பலகை மேல் குந்தியிருப்பவனுக்கு எதிரே எழும்பும் அலைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. பாறையிலிருந்து பார்த்தால் கடல் விரித்துப்போட்ட துணி மாதிரி. பெரிய அலைக்கூட்டம் வரும்போது தூரத்திலேயே, சரியாக இஸ்திரி போடாத மடிப்புகளைப் போலக் கறுத்த கோடுகள் தெரியும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இன்னும் உள்ளே கையால் துழாவிப் போனவனுக்கு அலை கிடைக்கும். தெரியாதவன் தலையில் அது உடையும். ஆகவே அவள் ஆரஞ்சு நிறத் துவாலை ஒன்றை எடுத்துக்கொண்டாள். தலைக்கு மேல் சுழற்றினால் பெருசு வருகிறது, உள்ளே போ. இடது பக்கம் நீட்டினால் இடது ஓரத்தில் உடைகிறது. கீழே தொங்கவிட்டால் ஒன்றுமில்லை, சும்மா கிட. கணவர் பார்த்துக் கத்துவார், மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள். மாலையில் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலிக்கும். அவர் தைலம் தேய்த்துவிடுவார். "நீ இல்லன்னா நாங்கல்லாம் மீனுக்குத் தீனி" என்பார்.

அவர் போனது கடலில் இல்லை, கல்லீரலில். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஜன்னல்கூட இல்லாத அறையில். தெருவில் சிலருக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. "கடல்லதானே?" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணை அகல விரித்துக் கேட்பார்கள். "இல்லீங்க, கல்லீரல்" என்றால் முகம் வாடும். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு காரணம்தான். பாறை மேல் ஏறியதும் அவள் முதலில் செய்யும் வேலை தலைகளை எண்ணுவது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. அவள் திரைச்சீலைகளை ஊறவைத்துவிட்டு, முட்டை வைத்த ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயுமாகத் தயாராக நின்றாள்.

வழியெல்லாம் கூத்து. சலூன்காரர், வாத்தியாரின் தலையைப் பின்சீட்டிலிருந்து ஆராய்ந்து, இதற்கு மேல் வெட்ட ஒன்றுமில்லை, இனிமேல் துடைத்துவிட்டால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். வாத்தியார், பெரிய அலைகளுக்கு நடுவில் எத்தனை நிமிஷ இடைவெளி என்று தான் கணக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"அந்தக் கணக்கு வெச்சு இதுவரைக்கும் எத்தனை அலை புடிச்சிருக்கீங்க?" என்றான் கொழுந்தன்.

"கணக்கு கரெக்ட்டு. அலைதான் தப்பா வருது."

மணலில் இறங்கியதும் அவள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தித் துவாலைப் பாடம் எடுத்தாள். இத்தனை நாளும் கணவர் ஒருவருக்குத்தான் அந்த பாஷை தெரியும். இவர்கள் அவர் வாயைத்தான் பார்த்தார்கள். மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். வாத்தியார் சந்தேகம்கூடக் கேட்டார். "இடதுன்னா உங்க இடதா, எங்க இடதா?" சலூன்காரர் அவரை முழங்கையால் இடிப்பதை அவள் பார்த்தாள். ஏன் என்று புரியவில்லை.

பாறையில் ஏறி நின்றாள். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது, நல்ல காற்று. மூன்று பலகைகளும் நுரையைத் தாண்டிப் போய் நின்றன. தூரத்தில் கோடுகள். அவள் துவாலையை எடுத்துச் சுழற்றினாள்.

ஒருத்தரும் அசையவில்லை.

அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கழுத்தைத் திருப்பி, கண்கொட்டாமல். ஆனால் அசையவில்லை. அலை வந்து மூவரையும் கவிழ்த்துவிட்டுப் போனது. அடுத்த கூட்டத்துக்கும் சுழற்றினாள். அதற்கும் அதே கதி. "அட மடப்பசங்களா!" என்று காற்றோடு கத்தினாள். தோள் எரிந்தது. இடது, வலது, மேலே என்று ஆட்டி ஆட்டி அவள் ஓய்ந்துபோனபோது கடலும் ஓய்ந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மடிப்பு இல்லை. அந்த அமைதியில், பழக்கதோஷத்தில், எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கண் தானாக இடது ஓரத்துக்குப் போனது, மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி எப்போதும் ஒரு தலை மிதக்கும் இடத்துக்கு. அங்கே தண்ணீர் மட்டும் பளபளத்தது. முட்டிகள் பிடி தளர்ந்தன. அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

உடனே தண்ணீரில் பிரளயம். சலூன்காரர் ஊளையிட்டார். மூவரும் பலகையில் குப்புற விழுந்து, பேய் துரத்துகிற மாதிரி ஆழ்கடலைப் பார்த்துத் துழாவினார்கள். துழாவினார்கள், துழாவினார்கள், மலைக்கைகளின் நுனியையும் தாண்டிப் போய், திருப்பி நிறுத்தி, தயாராகக் குனிந்துகொண்டு காத்திருந்தார்கள். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பிட வரச்சொல்லிக் கைகாட்டினாள்.

நாக்குத் தள்ளக் கரையேறினார்கள்.

"ஏன் அண்ணி உக்காந்தீங்க?" என்றார் சலூன்காரர் அழாத குறையாக. "இன்னும் கொஞ்சம் போயிருந்தா அடுத்த நாட்டுல பாஸ்போர்ட்டு கேட்டிருப்பான்."

"கால் ஓய்ஞ்சுது, உக்காந்தேன். நான் உக்காந்தா உங்களுக்கு என்ன? துண்டை நாய் வாலை ஆட்டுற மாதிரி ஆட்டினேனே, அப்ப எங்க போச்சு கண்ணு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் ரொட்டியைப் பிரிப்பதில் மும்முரமானார். கடைசியில் கொழுந்தன்தான் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணன் துண்டைப் பாக்கவே மாட்டாரு அண்ணி."

"என்னது?"

"சின்ன அலைக்கும் நீங்க அப்படித்தான் ஆட்டுவீங்க, பெரிய அலைக்கும் அப்படித்தான். நெசமாவே பெருசு வந்தா மட்டும் பொத்துனு உக்காந்துடுவீங்க. உங்களுக்கே தெரியாது. அண்ணன் 'உக்காந்துட்டாடா!'ன்னு கத்துவாரு. நாங்க கெளம்பிடுவோம்."

"அப்ப துண்டு?"

"துண்டு அவ திருப்திக்குன்னு சொல்லுவாரு" என்றார் சலூன்காரர், சொல்லிவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருந்தாரு. தெரிஞ்சிட்டா யோசிச்சு யோசிச்சு உக்காருவா, அப்புறம் வேலைக்காகாதுன்னு" என்றான் கொழுந்தன்.

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. இத்தனை வருஷம்! இத்தனை பாட்டில் தைலம்! தோளைப் பிடித்துவிட்டபடியே அந்த மனுஷன் என்ன பவ்யமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்! "ஃபிராடு" என்றாள் உரக்க. "முழு ஃபிராடு. வரட்டும் வீட்டுக்கு" என்று வாய் தவறி வந்துவிட்டது. வாத்தியார் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். அப்புறம் அவளே முதலில் சிரித்தாள். செத்துப்போனவர்மேல் கோபப்பட முடியும் என்பதே அவளுக்கு இத்தனை மாதமாகத் தெரியாது. அழுதிருக்கிறாள், அவர் சட்டைகளை மடித்து மடித்து வைத்திருக்கிறாள். நேருக்கு நேர் ஒரு சண்டை போட்டதில்லை. இப்போது நன்றாக வாய்விட்டுத் திட்டினாள். திட்டத் திட்டப் பசித்தது. வாத்தியார் பங்கிலிருந்தும் ஒரு ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாள்.

"சரி, கெளம்புங்க" என்றாள். "தம்பி, உன் முட்டி எப்படி இருக்கு?"

"இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கும்." இந்த முறை அவன் தாங்கி நடக்கவில்லை. வலி தெரியாமலிருக்க நேராக நடக்க முயன்றான். அது அவளுக்குக் கண்ணில் பட்டது.

மறுபடி பாறை. துவாலையைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்; வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டாள். இப்போது கால்களைப் பற்றித் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. ஒரு முட்டி லேசாக மடங்கினாலும் தண்ணீரில் மூன்று தலைகள் விறைக்கும். மூக்கைச் சொறியக்கூடப் பயமாக இருந்தது. அவர் சொன்னது சரிதான், தெரிந்துகொண்டு கெடுத்துக்கொண்டோமோ என்று நினைத்தாள். வெயில் மேற்கே சரிந்து, மலைக்கையின் நிழல் தண்ணீரில் நீள ஆரம்பித்தது. சலூன்காரர் கையைத் தூக்கி நேரமாகிவிட்டது என்று சைகை காட்டினார். கொழுந்தன் அவரைப் பார்க்காமல் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தெரிந்தது. முதலில் ஒரு கோடு. அதன் பின்னால் இன்னொன்று. மூன்றாவது, மற்ற இரண்டையும்விடக் கறுப்பாக, வளைகுடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. அவள் பார்த்த பெரிய அலைகளிலேயே அது பெரியது. இப்போது மடங்கும் என்று முட்டிகளுக்காகக் காத்திருந்தாள். அவை மடங்கவில்லை. உறுதியாக நின்றன, கடைக் கவுண்டருக்குப் பின்னால் நாளெல்லாம் நிற்கிற அதே கால்கள். அந்த இடது ஓரத்துத் தலைக்காக மட்டும்தான் அவை இத்தனை வருஷம் பயந்திருக்கின்றன. கொழுந்தனுக்காக அவற்றுக்கு நடுங்கத் தெரியவில்லை.

கோடு நெருங்கியது. கத்தினால் அலைச் சத்தத்தில் கேட்காது. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பாறையின் வழவழப்பான இடமாகப் பார்த்து, பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தவளைப் போல, நிதானமாக, முழு அறிவோடு உட்கார்ந்தாள்.

கொழுந்தன் ஒரு கணம் தயங்கினான். ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவன். பிறகு பலகையில் விழுந்து உள்ளே துழாவினான். முதல் அலையின் முதுகில் ஏறி மறைந்தான், இரண்டாவதின் முதுகில் தெரிந்தான், திரும்பினான். மூன்றாவது அவனுக்குப் பின்னால் எழுந்து நின்றது. எழுந்துகொண்டே இருந்தது. வாத்தியார் "இப்ப! இப்ப!" என்று கத்துவது காற்றை எதிர்த்துப் பாறைவரைக்கும் கேட்டது.

அவன் நான்கு காலில் எழுந்தான். பிறகு வலது காலில். பிறகு அந்த இடது காலையும் இழுத்து வைத்து, கூட்ட பஸ்ஸில் கம்பி கிடைக்காதவனைப் போலக் கைகளை விரித்துக்கொண்டு, நின்றான். அலை அவனை எடுத்துக்கொண்டு மணலை நோக்கி ஓடியது. சரியும் வெயில் அதன் சுவருக்குள் புகுந்து பச்சையாக எரிந்தது. அவள் எப்போது எழுந்தாள், எப்போது பாறையின் விளிம்புக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "நேராப் பாருடா, கீழ பாக்காத!" என்று அலறிக்கொண்டிருந்தாள். காற்று அலையின் உச்சியைப் பிய்த்துப் பின்னால் வீச, அந்தத் தூறலில் வாயைப் பிளந்தபடி இரண்டு கிழவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். மணலுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அவன் ஒரு கையை மேலே தூக்கினான். விழப்போகிறவனின் கையா, அவளைப் பார்த்து அசைத்த கையா என்று தெரியவில்லை. தூறலுக்குள் ஒரு வானவில் துண்டு முளைத்து, அந்தக் கையைத் தொட்டுக்கொண்டே கூட ஓடியது.